1931 வாக்குரிமை விவாதம்: பகிஷ்கரிப்பும் எதிர்ப்பும் ஒன்றா?

உப்புவெளி வாசகர் கேட்கிறார்:

வணக்கம். திருகோணமலையில் உயர்தர அரசறிவியல் மாணவர்களுக்கு ஒரு விவாதம் ஒழுங்கு செய்திருக்கிறோம். தலைப்பு, "டொனமூர் தந்த சர்வசன வாக்குரிமையைத் தமிழ்த் தலைமை எதிர்த்தது சரியே". பக்கத்துக்கு நாலு பேர், ஆளுக்கு 5 நிமிடம். பிள்ளைகளின் முதல் வரைவுகளில் இரண்டு பக்கத்தாரும் ஒரே வசனத்தை எழுதியிருக்கிறார்கள்: "சர்வசன வாக்குரிமையை எதிர்த்துத் தமிழர் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தனர்." குறிப்புப் புத்தகங்களிலும் இப்படித்தான் வருகிறது. எனக்கு இதில் ஐயம் இருக்கிறது.

எதிர்த்தவர்கள் யார், எந்தக் காரணத்துக்காக எதிர்த்தார்கள்? அப்போது திருகோணமலையின் நிலை என்ன? யாழ்ப்பாணக் கதையோடு விவாதம் முடிந்துபோகாமல் எங்கள் மாவட்டத்தையும் பிள்ளைகள் சரியான கணக்கோடு பேச வேண்டும். தெரிந்தவர்கள் விளங்கப்படுத்தினால் பெரிய உதவி.

கன்னியா எழுதுகிறார்:

உங்கள் ஐயம் சரி. அந்த வசனத்தை இரண்டு பக்கத்தாரும் வெட்டிவிட வேண்டும். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காரணத்துக்காகச் செய்த இரண்டு காரியங்களை அது ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

முதலாவது, எதிர்ப்பு. இலங்கையின் அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் வந்து, 1928 ஜனவரியில் திரும்பி, அந்த ஆண்டு நடுப்பகுதியில் அறிக்கையை வெளியிட்டது. அன்றைய சட்டமன்றமான சட்டநிரூபண சபை அதை 1928 கடைசி மாதங்களில் பேசத் தொடங்கி, 1929 டிசம்பரில் வாக்கெடுப்புக்கு விட்டது. 19க்கு 17. இரண்டே வாக்கில் தப்பிய திட்டம் அது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை முழுமூச்சாக எதிர்த்து, 1930இல் இலண்டன் வரைக்கும் போய் வாதாடி, அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். அவருடைய எதிர்ப்பை இரண்டு கூறாகப் பிரித்தே படிக்க வேண்டும். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தால் தமிழரின் ஆசனங்கள் கரைந்துவிடும் என்பது ஒரு கூறு. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் பெண்களுக்கும் வாக்குக் கொடுத்தால் கும்பலாட்சி வந்துவிடும் என்பது மற்றக் கூறு. முன்னையதை இன்றைக்கும் நியாயமாக வாதாடலாம். பின்னையதை வாதாட முடியாது, வாதாடவும் கூடாது. "சரியே" என்று பேசும் பிள்ளைகள் இந்தப் பிரிப்பைத் தாங்களாகவே முதல் நிமிடத்தில் செய்துவிட்டால், எதிரணியின் பலமான அம்பு முறிந்துபோகும். செய்யாவிட்டால் மிச்ச நாலு நிமிடமும் சாதியைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போகும்.

இரண்டாவது, பகிஷ்கரிப்பு. அது யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் வேலை. ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள், காந்தியத்தில் ஊறியவர்கள். சாதி ஒழிப்பும் தீண்டாமை எதிர்ப்பும் அவர்களின் கொள்கை. சர்வசன வாக்குரிமையோடு அவர்களுக்குப் பகையே இல்லை. டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை, ஆளுநரின் கையில் அதிகாரத்தை விட்டுவைத்தது என்பதே அவர்களுடைய முறைப்பாடு. அதன்படி 1931 மே மாதம் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிக்கும் ஒரு நியமனப் பத்திரமும் விழவில்லை. 1934இல் இடைத்தேர்தல் வரும்வரை அந்த நாலு ஆசனமும் வெறுமையாகக் கிடந்தன.

ஆகவே வாக்குரிமையை எதிர்த்தவர் பழைமைவாதி, தேர்தலைப் பகிஷ்கரித்தவர்கள் முற்போக்காளர்கள். இருவரையும் ஒரே வசனத்தில் கட்டினால் இருவருக்கும் அநியாயம்.

இன்னொன்று. எதிர்த்தது "தமிழ்த் தலைமை" மட்டும் என்று தலைப்பு சொல்வதும் முழு உண்மை இல்லை. 1924 முதல் இருந்த விதிப்படி 21 வயதான, எழுத வாசிக்கத் தெரிந்த, ஆண்டுக்கு 600 ரூபா வருமானமோ குறித்த அளவு சொத்தோ உள்ள ஆணுக்குத்தான் வாக்கு. சனத்தொகையில் நூற்றுக்கு 4 பேரளவில். சிங்களத் தலைவர்கள் நிறைந்த இலங்கைத் தேசிய காங்கிரஸ் ஆணைக்குழுவின் முன் போய்க் கேட்டது என்ன? மாதம் 50 ரூபா வருமானம் வாக்குக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது. 50ஐ 12ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 600. அதாவது ஆண்களைப் பொறுத்தவரை கதவை இருந்த இடத்திலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். வாக்கை விரிக்கச் சொல்லி நின்றவர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கமும் பெண்கள் வாக்குரிமைச் சங்கமும்தான். இந்த இடத்தைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது. மேல்தட்டு முழுவதுமே, இனபேதமில்லாமல், சாதாரண சனத்தின் வாக்குக்குப் பயந்தது.

மூதூர் மேசை எழுதுகிறார்:

கன்னியா அக்கா சொன்னதோடு முழு உடன்பாடு. நான் ஆசனக் கணக்கை மட்டும் தருகிறேன், ஏனென்றால் திருகோணமலையின் கதை அதில்தான் இருக்கிறது. யார் வாக்களிக்கலாம் என்பது ஒரு கேள்வி. போட்ட வாக்கு எப்படி ஆசனமாகிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி 1931இல் பெரும்பாலும் தீர்ந்தது, இரண்டாவது இன்றுவரை தீரவில்லை. பிள்ளைகள் இந்த இரண்டையும் கலந்தால் விவாதம் சறுக்கும்.

ஆசனச் சண்டை டொனமூரோடு தொடங்கவில்லை. தேசிய காங்கிரசின் முதல் தலைவரே சேர் பொன்னம்பலம் அருணாசலம்தான், 1919இல். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்று 1921இல் அவர் விலகிப்போனார். தமிழரும் சிங்களவரும் ஒரே மேடையில் நின்ற காலம் ஓர் ஆசனத்தில் உடைந்தது. அந்த உடைவைச் சொல்லாமல் இராமநாதனின் பயத்தை விளங்கப்படுத்த முடியாது.

1931 அரசாங்க சபையில் தெரிவு செய்யப்பட்டவர் 50, நியமன உறுப்பினர் 8, அரச அதிகாரிகள் 3, மொத்தம் 61. அந்த 50இல் வடக்குக்கு 5, கிழக்குக்கு 2. கிழக்கின் இரண்டும் மட்டக்களப்பு தெற்கு, திருகோணமலை–மட்டக்களப்பு. ஆக எங்கள் மாவட்டத்துக்குத் தனி ஆசனம் கிடையாது. மட்டக்களப்பின் ஒரு பகுதியோடு சேர்த்து ஒன்று. பகிஷ்கரிப்பில் வெறுமையான நாலு தொகுதியிலும் கிழக்கு இல்லை. "தமிழர் பகிஷ்கரித்தனர்" என்ற வசனம் எங்கள் ஊருக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அதன் பிறகு நிர்வாகக் குழு முறை. சபை 7 குழுவாகப் பிரியும், ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரியும், அந்தத் தலைவர்தான் அமைச்சர். குழுவுக்கு ஏறத்தாழ 8 பேர். ஒரு குழுவில் 5 பேர் கைவசம் இருந்தால் அமைச்சுக் கைவசம். 1931இல் அமைச்சரானவர்களில் 5 பேர் சிங்களவர், ஒருவர் மட்டக்களப்பு தெற்கின் முஸ்லிம் உறுப்பினர் மாக்கான் மாக்கார், ஒருவர் இந்தியத் தமிழரான பெரி சுந்தரம். 1936இல் ஏழு பேரும் சிங்களவர். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பெரும்பான்மை உறுப்பினரை ஏழு குழுவுக்கும் அளந்து பகிர்ந்தார்கள், அவ்வளவுதான். "எதிர்த்தது சரியே" அணிக்கு இதைவிடப் பலமான ஆதாரம் கிடையாது. ஆனால் எதிரணி கெட்டியாக இருந்தால் கேட்கும்: இது வாக்குரிமையின் குற்றமா, குழு முறையின் குற்றமா? என் தீர்ப்பு, குழு முறையின் குற்றம். 600 ரூபாக்காரர் மட்டும் வாக்களித்திருந்தாலும் அதே பகிர்வு நடந்திருக்கும்.

ஐம்பதுக்கு ஐம்பது பற்றியும் ஒரு திருத்தம். ஜி. ஜி. பொன்னம்பலம் தமிழருக்கு 50 வீதம் கேட்டார் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அப்படியில்லை. பெரும்பான்மைக்கு 50, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 50. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், ஐரோப்பியர் எல்லாரும் அந்த இரண்டாவது 50க்குள். டொனமூர் திட்டத்துக்கு அடுத்த அரசியலமைப்பை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழு இதை நிராகரித்தது. அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டில்தான் திருகோணமலைக்கு இலாபம்.

அந்த ஏற்பாடு: 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். சனத்துக்கு 70, நிலத்துக்கு 25, கூட்டினால் 95. நியமனம் 6 சேர்ந்து 101. நிலத்துக்கான 25ஐ மாகாணவாரியாகப் பாருங்கள்: மேல் 1, மத்திய 2, தெற்கு 2, வடக்கு 4, கிழக்கு 4, வடமேல் 3, வடமத்திய 4, ஊவா 3, சப்பிரகமுவ 2. கிழக்குக்குச் சனத்தால் 3, நிலத்தால் 4, மொத்தம் 7. தலையை மட்டும் எண்ணியிருந்தால் 3தான். திருகோணமலை, மூதூர், கற்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில் என்று 1947இல் ஏழு தொகுதி வந்தது இப்படித்தான். எங்கள் மாவட்டத்துக்கு அரைகுறையாய் இருந்த ஒன்று, முழுசாய் இரண்டாயிற்று.

அதே நில ஆசனம் வடமத்திய மாகாணத்துக்கும் 4 கொடுத்தது என்பதையும் மறைக்க வேண்டாம். சிறுபான்மைக்கென்று பெயர் சொல்லாமல், சனம் குறைந்த பெரிய மாகாணங்களுக்கென்று வைத்த சலுகை அது. தமிழருக்கென்றே தந்தார்கள் என்று மேடையில் சொன்னால் நடுவர் பிடிப்பார்.

1959 எல்லை நிர்ணயத்தில் மொத்த ஆசனம் 151 ஆகி, மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. அதாவது வாக்காளருக்கு இரண்டு வாக்கு, விரும்பினால் இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடலாம். ஒரு சமூகத்தார் ஒரே வேட்பாளரை நிறுத்தி இரண்டு வாக்கையும் அவருக்கே போட்டால், எண்ணிக்கையில் குறைந்தாலும் ஓர் ஆசனம் பிடிக்கலாம். ஆசைப்பட்டு இரண்டு வேட்பாளரை நிறுத்தினால் வாக்கு உடைந்து இரண்டும் போகலாம். தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் மூதூருக்கு இது பொருந்திய ஏற்பாடு. 1970இல் அ. தங்கத்துரையும் ஏ. எல். அப்துல் மஜீதும் அங்கிருந்து ஒன்றாகத் தெரிவானார்கள். 1976 எல்லை நிர்ணயத்தோடு அது முடிந்தது, சேருவில என்ற புதிய தொகுதியும் பிறந்தது. சிங்களவர் பெரும்பாலாகக் குடியேற்றப்பட்ட அல்லை, கந்தளாய் திட்டங்களை அறிந்தவர்களுக்கு அந்தத் தொகுதி எப்படி உருவாகியது என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். எல்லைக்கோடு வரைவதும் வாக்குரிமையின் ஒரு பாதிதான்.

கந்தளாய் வீதி எழுதுகிறார்:

மேலே இருவரும் எழுதியதில் ஒரு விடுபடுதல். "சர்வசன" என்ற சொல்லை அப்படியே விழுங்கக் கூடாது. 1931இல் வாக்காளர் தொகை 2 லட்சமளவிலிருந்து 15 லட்சத்துக்கு மேல் போனது உண்மை. ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்தது.

டொனமூர் முதலில் கேட்டது 5 ஆண்டு வதிவு மட்டும். சிங்களத் தலைவர்கள் எதிர்த்ததும் ஆளுநர் ஸ்டான்லி அதை இறுக்கினார். கடைசியில் மூன்று வழி வைத்தார்கள். இலங்கையையே நிரந்தர வாழிடமாகக் கொண்டவர் என்று காட்டுவது ஒன்று. பழைய எழுத்தறிவு, வருமான, சொத்துத் தகுதி மற்றது. மூன்றாவது, 5 ஆண்டு வதிவைக் காட்டி நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுப்பது. அந்தச் சான்றிதழை எடுத்தால், இந்தியத் தொழிலாளருக்கென இருந்த விசேட சட்டப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். வாக்கு வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று ஒரு கொழுந்து பறிக்கிற தாயிடம் கேட்ட கேள்வி அது. பலர் அந்த வழிக்கே போகவில்லை. ஏறத்தாழ 1 லட்சம் பேர்தான் 1931இல் பதிவானார்கள்.

அதற்கும் பிறகு வந்ததுதான் பெரிய கொடுமை. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் பிரசை அல்லாதவர் ஆக்கியது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைக்கு மட்டுமே வாக்கு என்றது. பிள்ளைகள் முதலாவது சட்டத்தை மட்டும் எழுதுவார்கள். வாக்கைப் பறித்தது இரண்டாவது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் சரி.

இங்கே மூதூர் மேசையின் ஆசனக் கணக்கோடு இதை முடிச்சுப் போடுங்கள். 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்றபோது எண்ணியது வாக்காளரை இல்லை, ஆட்களை. வாக்கில்லாத தோட்டத் தொழிலாளியின் தலையும் ஆசனக் கணக்கில் சேர்ந்தது. அவர்கள் தலையால் மலையகத்துக்கு ஆசனம் கூடியது, அந்த ஆசனத்தைத் தெரிவு செய்தவர் அயல் கிராமத்து வாக்காளர். வாக்குரிமை வேறு, ஆசனம் வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1988 சட்டம், 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் என்று அதைச் சரிசெய்ய அரை நூற்றாண்டு போனது.

நிலாவெளி எழுதுகிறார்:

பெண்கள் பகுதியை ஒரு வசனத்தில் முடித்துவிட்டீர்கள். பேச்சாளர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகளாய் இருந்தால் இதை அவர்களுக்குக் கொடுங்கள்.

பெண்கள் வாக்குரிமைச் சங்கம் 1927 டிசம்பரில் தொடங்கியது, ஆணைக்குழு இங்கே இருந்தபோதே. செயலாளர் அக்னஸ் டி சில்வா. ஆணைக்குழு முன் அவர்கள் போனபோது, தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். அவர்களும் பெண்கள்தான், நிச்சயமாக வேண்டும் என்று அக்னஸ் பதில் சொன்னார். அந்தக் காலத்து எந்த ஆண் தலைவரும் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

வயதில் பிள்ளைகள் பிழைவிடும் இடம்: டொனமூர் அறிக்கை ஆணுக்கு 21, பெண்ணுக்கு 30 என்றுதான் சொன்னது. அது அப்போதைய பிரித்தானிய விதி, 1918 சட்டத்தில் இருந்தது. ஆனால் 1928 நடுப்பகுதியில், அறிக்கை வெளிவந்த அதே நாட்களில், பிரித்தானியா பெண்களின் வயதையும் 21 ஆக்கிவிட்டது. அங்கே மாறியதும் இங்கே 30ஐ வைத்திருக்க நியாயம் இல்லாமல் போயிற்று. 21 இருவருக்கும் என்று சட்டமானது அப்படி. 18 வயது பிறகு, 1959இல்தான் வந்தது. 1931இன் இரண்டாம் பாதியிலேயே அட்லின் மொலமுறே ருவன்வெல்லையில் இடைத்தேர்தலில் வென்றார், 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில்.

உப்புவெளி வாசகர்:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பையே மாற்றப் போகிறோம்: "1931இல் தமிழருக்கு நட்டம் வந்தது வாக்குரிமையாலல்ல, ஆசனப் பங்கீட்டால்." இரண்டு கேள்வி மிச்சம். இன்றைய விகிதாசார முறையில் எங்கள் 4 ஆசனம் எப்படிப் பிரிகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் கரும்பலகையில் காட்ட ஓர் உதாரணம் வேண்டும். மற்றது, எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் 1931இல் எப்படி வாக்களித்தார்கள்?

மூதூர் மேசை:

முதலாவதற்கு. எண்களை நான் கணக்குக்காக எடுத்தேன், எந்தத் தேர்தலின் முடிவும் அல்ல. செல்லுபடியான வாக்கு 200,000 என்று வையுங்கள். அ கட்சி 86,000, ஆ 66,000, இ 40,000, சில்லறைக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து 8,000.

5 வீத வெட்டுப்புள்ளி 10,000. சில்லறை எல்லாம் கழியும், மிச்சம் 192,000. அதிக வாக்கு எடுத்த அ கட்சிக்கு 1 போனஸ் ஆசனம். மிச்சம் 3 ஆசனம், 192,000ஐ 3ஆல் பிரிக்க 64,000. அதை எட்டியவர்கள் அவுக்கு 1, ஆவுக்கு 1. மீதி வாக்கு அ 22,000, ஆ 2,000, இ 40,000. கடைசி ஆசனம் பெரிய மீதிக்கு, ஆகவே இ. முடிவு 2, 1, 1.

இப்போது இ கட்சியை 20,000, 20,000 என்று இரண்டு பட்டியலாக உடையுங்கள். இரண்டும் வெட்டுப்புள்ளிக்கு மேல்தான். ஆனால் அவின் மீதி 22,000 இரண்டையும் விடப் பெரியது. முடிவு 3, 1, பூச்சியம், பூச்சியம். அதே 40,000 பேர் போய் வாக்களித்தும் ஓர் ஆளும் இல்லை. வெட்டுப்புள்ளி முதலில் 12.5 வீதம், 1988 டிசம்பரில் 15ஆம் திருத்தத்தால் 5 ஆனது. கிழக்கிலிருந்து முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் அதற்காகப் பேரம் பேசியதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

போனஸைக் கழித்த பிறகுதான் 3ஆல் பிரிப்பது. பிள்ளைகள் 4ஆல் பிரித்துவிடுவார்கள், அங்கேயே கணக்குப் பிழைத்துப்போகும்.

கன்னியா:

இரண்டாவதற்கு: நிறத்தால். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போடுவது. எழுத்தறிவுத் தகுதியை எடுத்துவிட்டால் தேர்தல் நடத்தவே முடியாது என்ற வாதத்துக்கு அந்தப் பெட்டிகள்தான் பதில். மேடைக்குப் பின்னால் படம் கீறிக் கட்டுவதென்றால் நிறப் பெட்டிகளைக் கீறச் சொல்லுங்கள். கட்சிச் சின்னங்களான யானையோ வீடோ வேண்டாம். ஐக்கிய தேசியக் கட்சி 1946இலும் தமிழரசுக் கட்சி 1949இலும் பிறந்தவை.